முக்கச் சொன்னால்

பீடோங்கில் வெள்ளிக்கிழமை
பதினொரு மணிக்கே தார் இளகிவிடும்.
செம்பனை லோரிகள் எடைக்கு நிற்கும் வரிசையை ஒட்டி
எங்கள் காடி, தொண்ணூற்று நாலாம் வருட வீரா,
பானெட்டைத் திறந்துகொண்டு
பல் டாக்டரிடம் வந்ததுபோல் கிடந்தது.

எங்கள் என்றால் பாதி எனக்கு,
பாதி அக்கா கோமளவல்லிக்கு.
பகலில் நான். இரவில் அவள்,
சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரி, பிரசவ வார்டு.
பெட்ரோல் பாதிப்பாதி, டயர் பாதிப்பாதி.
இந்த யோசனை மட்டும்
முழுக்க என்னுடையது.

குரூண் வழியில் தியோவின் கொட்டகை.
ஜப்பானிலிருந்து பாதியாய் அறுபட்டு வந்த காடிகள்
முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு அடுக்கில் நின்றன.
ஒன்றின் நெஞ்சைத் திறந்து
குட்டைக் கழுத்து மேனிஃபோல்டைக் காட்டினான்.
நானூறு என்றவன்
முந்நூற்றிருபது வெள்ளிக்கு இறங்கினான்.
பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து
பெல்ட் போட்டுக் கூட்டிவந்தேன்.

என் கணக்கு சின்னது.
காற்று நடக்கும் தூரம் குறைந்தால்
ஓடும்போது நெரிசல் இல்லை.
பழசுக்கு நான்கு துதிக்கை,
எங்கோ பார்த்து எங்கோ வளைந்து.
புதுசுக்கு
கை கொடுக்க நீட்டியதுபோல்
நான்கு விரல்.

எந்த ஹோஸ் எதற்கு என்று
அக்காவின் வார்டு பிளாஸ்திரியில் எழுதி ஒட்டினேன்.
கண்ணுக்குத் தெரியும் நட்டுகள் கழன்றன.
பின்சுவரை ஒட்டி ஒன்று இருந்தது,
விரல் மட்டுமே பார்த்த நட்டு.
ஒரு ஸ்டட் பாதியில் முறிந்தது.
அதைத் துளைத்து எடுக்க
இன்னொரு வெள்ளிக்கிழமை.

மூன்றாம் வெள்ளி சாவியைத் திருப்பினால்
உள்ளே ஒரு பாம்பு.
முள் ஏறுகிறது, இறங்குகிறது,
தூக்கத்தில் உளறுகிறவன் மாதிரி.
கிளீனரை ஒவ்வொரு கழுத்திலும் அடித்துக்கொண்டே போனேன்.
மூன்றாவதில் எஞ்சின் திடுக்கிட்டு வேகம் எடுத்தது.
சரி, இங்கேதான் கசிகிறாய்.
கேஸ்கெட்டைக் கழற்றி மறுபடி.

ஜெராய் மலை இடப்பக்கம் வர
நெடுஞ்சாலையில் மிதித்தேன்.
நாலாயிரம் தாண்டியதும்
முப்பது வருடம் வாயைப் பொத்திவைத்திருந்த கையை
யாரோ எடுத்துவிட்டார்கள்.
தனியாக இருந்தும் சத்தமாகச் சிரித்தேன்.

மறுநாள் காலை ஏழரைக்கு
அக்கா சாவியை மேசையில் வைத்தாள்.
"என்னடா பண்ணி வச்சிருக்க?
முக்கச் சொன்னா கத்துது."

நாலாயிரத்துக்கு மேலே ஓட்டிப் பார் என்றேன்.
"எங்க? லோரிக்குப் பின்னாலயா?"

அன்றிரவு அவளோடு போனேன்.
தோட்டத்துச் செம்மண் ஏற்றத்தில்
ரொக்கியாவை ஏற்றினோம், ஒரு டிப்பன், இரண்டு பிளாஸ்க்.
முன்னால் குலை ஏற்றிய லோரி, இருபதில்.
இரண்டாவது கியரில் காடி இருமியது.
மேட்டில் பின்னால் சறுக்கப் பார்த்தது.
ரொக்கியா பிளாஸ்க்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.
கீழே மூச்சே இல்லை.
நீளக் கழுத்து இந்த மேட்டுக்காகத்தான்
மெதுவாகக் காற்றைச் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
அவளும் எதுவும் சொல்லவில்லை.
அதுதான் அதிகம் சுட்டது.

பழசு சிங்க்குக்கு அடியில் கிடந்தது.
இரண்டாவது துதிக்கையில் எறும்புகள், முட்டையோடு.
மண்ணெண்ணெயில் கழுவி
வந்த இடத்திலேயே மாட்டினேன்.
புது கேஸ்கெட் நாற்பது வெள்ளி, அக்கா கொடுத்தாள்.
பாதி என்றேன்.
"முழுசா வச்சுக்க" என்றாள்.
அது இரக்கமா தண்டனையா
இன்னும் தெரியாது.

ஐந்தாறு வாரம் போயிருக்கும்.
சீருடையைக் கூட மாற்றாமல் வாசலில் நின்றாள்,
கண்ணில் தூக்கம் இல்லை, வேறு என்னமோ.
சிக்னலில் ஒரு சின்ன டாக்டர்
மைவியை உறுமவிட்டு
வீராவைப் பார்த்துச் சிரித்தானாம்.
பச்சை விழுந்ததும்
புகையைத் தின்ன விட்டுப் போனானாம்.

"அந்தக் குட்டை எங்க?"
கட்டிலுக்குக் கீழே.
"திங்கட்கிழமை எனக்கு ஆஃப்.
ஒரே ஒரு நாளைக்கு மாட்டு."

பன்னிரண்டு மில்லி ஸ்பேனரைத் தேடிக்கொண்டே கேட்டேன்:
"வார்டுல பிளாஸ்திரி மிச்சம் இருக்கா?"