அரை நொடி

வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மூன்றாவது மாடி.
கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்
எங்கள் கம்பெனியே செய்த கணினிகள், நூற்றுப்பத்து.
இந்தப் பக்கம் நாங்கள் ஐந்து பேர்,
போட்டிக்காரனின் கணினி ஐந்து.

சம்பளம் எல்லாருக்கும் ஒன்றாம் தேதிதான்.
ஆனாலும் சாயா குடிக்க இறங்கினால்
"எதிர்க்கட்சி வருது, ஒதுங்குங்கலே" என்பான்
அந்தப் பக்கத்து ஷிபு.

விஜிலா கண்டுகொள்ள மாட்டாள்.
அவள் அக்காளைப் பாறசாலையில் கட்டிக்கொடுத்திருக்கிறது.
"அங்க அவ பாண்டிக்காரி,
இங்க வந்தா மலையாளத்துக்காரி.
எங்க வீட்டுக்கு இதெல்லாம் பழக்கம்."

ரப்பர் ஷீட் கடைகளுக்கான கணக்குப் புரோகிராம்.
அங்கே ஒழுங்காய் இருந்த கொல்லங்கோடு
இங்கே வந்ததும் உடைந்தது:
ஒற்றைக்கொம்பு ஒரு வரியில்,
துணைக்கால் அடுத்த வரியில்,
நடுவில் ககரம்
மழையில் பஸ்ஸை விட்டவன் போல.
பதினோரு நாள் ஆனது
ஊரைச் சேர்த்து வைக்க.

சேர்ந்த பிறகுதான் வினை.
எங்கள் கணினியில் இரண்டு நொடி எடுக்கும் பட்டியல்
அவனுடையதில் கண் இமைக்குமுன் வந்து நின்றது.
சென்னையிலிருந்து ஃபோன்:
அங்கே கொஞ்சம் மெதுவாக ஓடட்டுமே.

தாணுமாலயன் சார் மூன்று நாள் பதில் போடவில்லை.
நாலாம் நாள் என் மேஜைக்கு வந்து
கீபோர்டைப் பார்த்துச் சொன்னார்,
"அர செக்கண்டு போதும்."

எழுதினேன். ஒரே வரி: பொறு.
இந்த வேலைக்கு வந்து நான் எழுதியதில்
முதல் தடவையே பிழையில்லாமல் ஓடியது
அது ஒன்றுதான்.

குலசேகரத்துக் கடைக்காரர் செல்லையன் கூப்பிட்டார்.
"எல்லாம் கொள்ளாம் மோளே.
வெல காட்டுததுக்கு முன்ன மட்டும்
ஒரு மூச்சு இழுக்குது,
கள்ளம் பறையப் போறவன் மாதிரி."
நெட்வொர்க்காக இருக்கும் என்றேன்.
அதற்கும் அரை நொடி எடுத்தது எனக்கு.

அடுத்த பதிப்பு போகிற இரவு
அந்த வரியை அழிக்கப் போனேன்.
காணவில்லை.
ஏழே காலுக்கே யாரோ எடுத்துவிட்டிருக்கிறார்கள்.
பதிவில் பெயரைப் பார்த்தேன்,
விஜிலா இல்லை, சாரும் இல்லை.
ஷிபு.
காரணம் எழுதும் இடத்தில் ஒரு புள்ளி வைத்திருந்தான்.

காலையில் படியிறங்கும்போது
"எதிர்க்கட்சி வருது" என்றான், வழக்கம்போல.
ஆரல்வாய்மொழிக் காற்று
கடையின் தார்ப்பாயை அடித்துக்கொண்டிருந்தது.
இரண்டு சாயாவுக்கும் காசை எடுத்து வைத்தேன்.
பழம்பொரியும் வேணும் என்றான்.