உது

கொக்குவில் ஸ்டேசனுக்குப் பின்னால்
போட்டோக்கொப்பிக் கடையின் மேல்மாடி.
சனிக்கிழமை பின்னேரம் ஐந்து கதிரை, ஒரு மின்விசிறி.
அதுவும் ஒரு பக்கம்தான் திரும்பும்.
எழுத்துப்பிழை பார்க்கிற சின்ன மென்பொருள் ஒன்று
எங்களுடையது.
எங்களுடையது என்றால், ஒருவருடையதும் இல்லை.
மூலநிரல் திறந்தே கிடக்கிறது;
ஆரும் எடுக்கலாம், கழற்றலாம், திரும்பப் பூட்டலாம்.

முதலில் வந்தது ஒரு முறைப்பாடு.
குருநகரில் மீன் ஏலக் கணக்கெழுதும் அன்ரனீற்றா:
"உங்கடை சாமான் எனக்கு நாளாந்தம்
சிவப்புக் கோடு போடுது.
ஓரா பிழையாம். திரளி பிழையாம். விளைமீன் பிழையாம்.
பேந்து பிழையாம். உது பிழையாம்.
நான் பிறந்ததே பிழையோ?"

சொற்களை அனுப்புங்கோவன் என்றேன்.
எனக்கு நிரல் தெரியாது என்றா.
ஒரு கோப்பு இருக்கு, வரிக்கு ஒரு சொல்,
அவ்வளவுதான் என்றேன்.
ஒரு கிழமை சத்தமில்லை.
பிறகு ஒரு விடியற்காலை, ஏலம் முடிந்த கையோடு
வந்து விழுந்தன நாற்பத்துமூன்று மீன்கள்.
அதில் ஆறை நான் தின்றதுமில்லை.

பிறகு ஐந்துசந்தி நஸ்மியா:
"நோன்புக்கஞ்சியை இரண்டாய்ப் பிளக்க வேண்டாம்."
நயினாதீவுப் படகில் வேலைக்குப் போகிற ஒருத்தர்,
பெயர் சொல்லவில்லை,
சிக்னல் வரும்போது ஒரு வரி,
போய் வந்தால் இன்னொரு வரி.

எல்லாம் நல்லாய் நடந்தது என்று சொல்லமாட்டேன்.
கஜீபன், கம்பஸில் இரண்டாம் வருசம்,
மூன்று இரவு முழித்து முந்நூறு வரி எழுதித் தந்தான்.
நான் பதில் போட்டேன்: "இது சரிவராது."
இரண்டே சொல். சோம்பல்.
அவனுடைய கதிரை மூன்று சனி வெறுமையாய்க் கிடந்தது.
மின்விசிறி அதற்கு மட்டும் காற்று வீசியது.
நாலாம் சனிக்கு முதல்நாள் திரும்ப எழுதினேன்,
ஒவ்வொரு வரியாய் வாசித்து, இந்த முறை ஒழுங்காக:
இருபத்தொரு வரி எங்களுக்குக் கட்டாயம் வேணும்,
மிச்சம் ஏன் வேண்டாம் என்றால்...
வந்தான். ஒன்றும் கதைக்கவில்லை.
ஏதோ ஒரு விதியில் மிஞ்சிக் கிடந்த
ஒற்றைப் புள்ளியைக் கண்டுபிடித்து அழித்தான்.
நாலாயிரம் சொற்களின் மேலிருந்து
சிவப்பு இறங்கிப் போனது.

சம்பளம் கேட்பீர்கள். ஒரு சதமும் இல்லை.
பிளேன்ரீ உண்டு. சீனி உங்கள் பாடு.
பங்களித்தோர் பட்டியலில் பெயர் வரும்;
அகரவரிசை என்பதால்
அன்ரனீற்றா எனக்கு மேலே நிற்கிறா.
நியாயம்தான்.

உதுக்குத்தான் பெரிய சண்டை.
சென்னையில் இருந்து ஒருவர் கேட்டார்:
இது இருக்கிறது, அது இருக்கிறது,
நடுவில் உது எதற்கு?
இரண்டு கிழமை இழுபட்டது.
இலக்கணம் காட்டினோம், அகராதி காட்டினோம்.
அன்ரனீற்றா கடைசியில் மூன்று வரி எழுதினா:

"இது, எனக்குக் கிட்ட.
அது, இரண்டு பேருக்கும் எட்ட.
உது, எனக்குத் தெரியுது, கை எட்டாது;
உங்களுக்குப் பக்கத்திலை கிடக்கு."

அன்றிரவே உதைச் சேர்த்தோம்.

இப்ப இருநூற்றுப் பதினேழு பிழைகள் திறந்து கிடக்கின்றன.
எல்லாம் எனக்குத் தெரிகிறது.
சிலதுக்கு நிரல் வேணும்,
சிலதுக்கு உங்களுடைய ஊரின் ஒரு சொல் போதும்,
சிலதுக்கு, "எனக்கு விளங்கவில்லை" என்று
எழுதிவிட ஒராள் இருந்தாலே காணும்.
பெரிய படிப்புக் கேட்கவில்லை.
உங்களுக்குப் பக்கத்தில் ஒன்று கிடக்கிறது, பாருங்கோ.
உதை ஒருக்கால் எடுத்துத் தாங்கோவன்.

சனி, நாலு மணி.
கடைக்காரர் முன்கதவைப் பூட்டியிருப்பார், பக்கத்தால் வாங்கோ.
படி ஒடுக்கம். பார்த்து ஏறுங்கோ.