ஒருக்களித்து

இருபத்தொரு வருடமாக
இந்த ஊரில் பின்சீட்டில்தான் போயிருக்கிறேன்.
தமெய்ன் கட்டி, இரண்டு காலும் இடப்பக்கம் தொங்க,
மடியில் கூடை.
மோல்மீன் கடைத்தெருவுக்குப் போகும்போது
எனக்கு ஆறு.
திரும்பும்போது குன்று, குன்றின் மேல் பகோடா.
இரண்டையும் ஒருசேரப் பார்த்ததில்லை.
எதிரே என்ன வருகிறதென்பதை
ஓட்டுகிறவர் பார்த்துக்கொள்வார்.
எனக்கு எதிரே என்பது அவர் சட்டையின் தையல்.

போன தையில் சீட்டெடுத்து
ஒரு கென்போ வாங்கினேன்.
சீன வண்டி, மூன்றாம் கை, சிவப்பு.
முன்பு வைத்திருந்தவள் ஒட்டிய பூனை
விளக்குக்கடியில் பாதி உரிந்திருந்தது.
பர்மியர்கள் இதைச் சைக்கே என்கிறார்கள்.
சைக்கிள்கூட விடத் தெரியாதவளுக்கு
அந்தப் பெயர் கொஞ்சம் தைரியம்.

கற்றுத்தர வந்தவர் கோ மியோ தான்,
தினமும் என்னை ஏற்றிப்போகும் காரிக்காரர்.
"நான் கற்றுக்கொண்டால்
நாளுக்கு இரண்டாயிரம் கியாட் உங்களுக்கு நட்டம்" என்றேன்.
வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கி
நிஜமாகவே கணக்குப் போட்டார்.
"ஆமாம், அமா" என்றார்.
பிறகு சாவியைத் திருகினார்.
அமா என்றால் அக்கா.
என் காதுக்கு அது எப்போதும்
ஒரு மெய்யெழுத்து கீழே விழுந்த அம்மா.

ரப்பர் கிடங்குக்குப் பின்னால் மைதானம்,
விடிகாலை ஐந்தரை,
இரண்டு மழைக்கு நடுவே கிடைத்த அரைமணி.
பயந்தால் இறுகப் பிடிக்கிறேன்,
இறுகப் பிடித்தால் பாய்கிறது,
பாய்ந்தால் பயம்.
இதைப் புரிந்துகொள்ள மூன்று காலை.

அவ்வளவு பெரிய மைதானத்தில்
கோல் கம்பம் ஒன்றே ஒன்று.
ஜோடிக் கம்பத்தை யாரோ விறகுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.
அந்த ஒன்றில் போய் முட்டினேன்.
"எங்கே பார்க்கிறீர்களோ அங்கேதான் போகும்" என்றார்.
எதில் முட்டக்கூடாதோ
அதைத்தானே மனுஷி பார்ப்பாள்?

இறங்கும்போது கெண்டைக்கால் சுட்டது.
வாழ்நாளெல்லாம் இடப்பக்கம் இறங்கியவளுக்கு
சைலன்ஸர் வலப்பக்கம் இருப்பது
யார் சொல்லித் தெரியும்?
அவர் லுங்கியைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி
புளியங்கொட்டை அளவில் பழைய தழும்பு ஒன்றைக் காட்டினார்.
பதினான்கு வயதில் பட்டதாம்.
எனக்கு நாற்பத்தாறு.

ஒன்பதாம் நாள்
இரண்டாவது கியர் விழுந்த சத்தம்
காலுக்குக் கேட்டது, காதுக்கு முன்னால்.
அது என்ன சந்தோஷம் என்று
வீட்டில் சொல்லிப் பார்த்தேன்.
"பால் தீர்ந்துவிட்டது" என்றார் அவர்.

பன்னிரண்டாம் நாள் ஸ்ட்ராண்ட் ரோடு.
பின்னால் கோ மியோ தான்,
பிரேக்குக்கு எட்டாத தூரத்தில்
இரண்டு கையையும் எங்கே வைப்பதென்று தெரியாமல்.
இப்போது எனக்கு இடப்பக்கம் ஆறு,
வலப்பக்கம் குன்று,
இரண்டும் ஒரே நேரத்தில், முதன்முறையாக.
பார்க்க முடியவில்லை.
லாரி, நாய், சைக்கா, பள்ளத்தில் நேற்றைய மழை,
குடையை நீட்டிக்கொண்டு குறுக்கே வரும் பிக்குகள்.
சாலையைத் தவிர எதைப் பார்த்தாலும்
அங்கே போய்விடுவேன்.

பின்சீட்டில் வெகுநேரம் பேச்சில்லை.
பயந்துவிட்டார் என்று நினைத்தேன்.
பழைய சுங்கக் கட்டிடம் தாண்டியதும்
முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது:
"அமா, இந்தப் பச்சை வீட்டுக்கு
மேலே ஒரு மாடி இருக்கிறதா?
அதில் யாரோ புறா வளர்க்கிறார்களே!"

இருபத்தொரு வருடமாக எனக்குத் தெரிந்த புறாக்கள்.
வெள்ளை ஏழு, சாம்பல் இரண்டு,
கழுத்தில் கறுப்பு வளையத்தோடு ஒன்று.
இன்று எத்தனை என்று எண்ணிச் சொல்லுங்கள்,
என்னால் திரும்ப முடியாது, என்றேன்.
அவர் எண்ணத் தொடங்கினார்,
உரக்க, பர்மியில்.
ஐந்து வரை கேட்டது.
பிறகு லாரி ஹாரன்.