முதல் டிராம் ஓட்டுகிறவனின் கன்னம்

வெள்ளைக்கரு மட்டும் போதுமாம் வெல்காவுக்கு.
பதினெட்டு முட்டை. மஞ்சள் கருக்கள்
கிண்ணத்தில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு
என்னைப் பார்த்தன.
திங்கள் கேக், செவ்வாய் கஸ்டர்ட்,
புதனன்று கீழ்வீட்டு ஸென்டா ஒரு ஜாடி வாங்கிப்போனாள்,
தலைமுடிக்கு நல்லதாம்.

நுரைக்க அடித்து, உப்பிட்டு, வடிகட்டி
தாளை அதன்மேல் மிதக்கவிடுவாள்.
குமிழி ஒன்று சிக்கினால் போதும்,
சந்தையில் வாங்கிய கண்ணாடி நெகட்டிவில்
யாரோ ஒரு தொப்பிக்காரர், யாருடையதோ ஒரு நாய்,
இருவருக்கும் நடுவே பட்டப்பகலில் நிலா.

பிறகு வெள்ளி நைட்ரேட். அதற்கு இருட்டு வேண்டும்.
இருட்டுக்குக் குளியலறை வேண்டும்.
குளியலறை எனக்கும் வேண்டும்.
நாலே காலுக்கு ரீகாவின் முதல் டிராமை எடுப்பவன்
சமையல் தொட்டியிலா பல் துலக்குவது?
கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே.
கதவிடுக்கில் கசிந்த ஆரஞ்சு வெளிச்சம்
பதில் சொல்லவில்லை.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.
தூங்குவதாக நடிப்பவனை எழுப்ப முடியாதென்பார்கள்.
அவள் எழுப்பவில்லை.
ஈரமாக ஏதோ கன்னத்தில் பட்டது, விலகியது.
மூச்சை ஒரே சீராக வைத்திருந்தேன்.

மறுநாள் வானம் கழுவித் துடைத்த மாதிரி.
பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டு
தௌகாவா பாலத்தின்மேல் போக, வர, போக.
டிப்போவில் குந்தார்ஸ் வாயைப் பொத்தினான்:
"யாரிடம் வாங்கினாய்?"
கழிவறைக் கண்ணாடியில் பார்த்தேன்.
நாலு விரல். பழுப்புமில்லை, கருப்புமில்லை.
சுட்டுவிரல் அழுத்தமாக.
சுண்டுவிரல் மட்டும்
தயங்கித் தொட்டிருக்கிறது.
சோப்பு, எலுமிச்சை, கிரீஸ் போக்கும் களிம்பு,
எதற்கும் அசையவில்லை.

கையுறை போடு என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்!
மன்னிப்புக் கேட்பாள் என்று வீட்டுக்கு வந்தேன்.
முகவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள்,
தாளைப் பார்க்கிற அதே கண்ணோடு.
"எவ்வளவு நேரம் வெயில்?"
"பாலத்தில் எட்டு முறை."
"கொஞ்சம் கூடிப்போச்சு."

தொப்பிக்காரர் அன்று மூன்று தாளிலும் பாழ்.

ஆறாம் நாள் சுண்டுவிரல்தான் முதலில் மங்கியது.
ஃபிக்ஸர் தொட்டி குளியலறையில்தான் இருக்கிறது.
முகத்தை அதில் முக்கிப் பார்க்கலாமா என்று
பிரஷ்ஷும் கையுமாக
கொஞ்ச நேரம் நின்றேன்.