பதினேழு நிமிடம்

எட்டு மணிக்குப் பொத்தானை அழுத்தினால்
எட்டுப் பதினேழுக்குத்தான் அதற்கு விடியும்.

டொங்காட், பெரிய சாலை,
குணசீலன் படையாச்சியின் வாகன உதிரிபாகக் கடை.
பின்னறையில் என் மேஜை,
மேஜைக்கடியில் இந்தச் சோம்பேறிப் பெட்டி.

"புதுசா? இப்ப என்னம்மா அவசரம்,
ரெண்டு தட்டு தட்டு, ஓடும்" என்பார் முதலாளி.
தன் பாக்கியைப் பற்றியும் அதையேதான் சொல்வார்.
இந்த ஊரில் பாக்கி என்றால் சரக்கு வண்டி.
என் ஏட்டில் பாக்கி என்றால்
பாக்கிதான்.

மாதக் கடைசி வியாழன்.
நாலு மணிக்கு மின்வெட்டு என்று அட்டவணை சொல்லிவிட்டது.
பதினான்கு பேருக்குச் சம்பளச் சீட்டு.
ஒன்றே கால் ஆகியும் மூன்றாவது ஆளின் பெயர்மேல்
அந்த நீல வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது.

போதும் என்று உள்ளே இறங்கினேன்.

காலையில் கூடவே விழிப்பவர்களின் பட்டியலைத் திறந்தால்
இருபத்திரண்டு பேர்.
என்றோ செத்துப்போன பிரிண்டரைத் தேடி
ஒருவன் தினமும் எழுந்து நிற்கிறான்.
வைரஸ் பிடிக்க இரண்டு காவல்காரர்கள்,
ஒரே உறையில் இரண்டு கத்தி,
திருடனை விட்டுவிட்டு
ஒருவர் சட்டைப்பையை ஒருவர் துழாவுகிறார்கள்.
ஒருவனை வேலையைவிட்டு அனுப்பினேன்.
பிரிண்டர்காரனை அணைக்கும்போது மட்டும்
கொஞ்சம் பாவமாக இருந்தது.

குப்பைத்தொட்டியில் ஒன்பது ஜிபி,
முதலாளி மகனின் கல்யாணப் படங்கள்.
கல்யாணம் முறிந்து நாலு வருஷம்.
யாரோ வீசிவிட்டு
கொட்ட மனம் வராமல் போயிருக்கிறார்கள்.
நான் கொட்டினேன்.

அப்படியும் கொதித்தது, பன்றிபோல் உறுமியது.
கவுண்டரிலிருந்து லுங்கேலோ வந்து
பக்கத் தகட்டைக் கழற்றினான்.

உள்ளே கரும்புச் சாம்பல்.

அறுப்புக்குமுன் காட்டுக்குத் தீ வைக்கும் மாதங்களில்
ஊர்மேல் கறுப்பாகப் பறந்து வருமே, அதுதான்.
"துணியை எடு, துணியை எடு" என்று
தெரு முழுக்க ஓடுவோம்.
துணியை எடுத்தோம்.
இதை யார் எடுத்தார்கள்?

விசிறிக்குப் பின்னால் ஒரு பல்லி,
அப்பளமாகக் காய்ந்து.
தலையில் விழுந்தால் கலகம்,
தோளில் விழுந்தால் வெற்றி.
மதர்போர்டில் விழுந்ததற்குப்
பஞ்சாங்கத்தில் பலன் போடவில்லை.

டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை இழுத்துவந்தான்.
விசிறி சுழன்றுவிடாமல் பேனாவால் நான் பிடித்துக்கொள்ள,
தூர நின்று மெல்ல மெல்ல ஊதினான்.
பல வருஷத்து வயல்
எங்கள் இரண்டு முகத்திலும் வந்து உட்கார்ந்தது.
கிடங்கில் செத்துக்கிடந்த இன்னொரு பெட்டியிலிருந்து
ஒரு மெமரிப் பட்டையை உருவி வந்து செருகினான்.
பொருந்தியது.
உதிரிபாகக் கடை இல்லையா.

மூன்று பத்துக்கு அழுத்தினேன்.
முகத்தைக் கழுவிவிட்டு வருவதற்குள்
"உத்தரவு?" என்று நிற்கிறது.
மூன்று நாற்பத்தைந்துக்குப் பதினான்காவது சீட்டு
சூடாக வெளியே வந்தது.

"பாஸ்!" என்று கூவப்போனான் லுங்கேலோ.
அவன் முழங்கையைப் பிடித்து நிறுத்தினேன்.

நான் கணக்கு எழுதுகிறவள்.
தினம் பதினேழு நிமிடம்,
பதினோரு வருஷம்,
எந்தப் பத்தியிலும் ஏறாத வரவு.
அந்த நேரத்தில்தான் தேநீர் ஆறாமல் குடித்தேன்.
அந்த நேரத்தில்தான் ஸ்டாங்கரில் இருக்கும் அக்காவிடம்
சண்டை போட்டு, சமாதானமும் ஆனேன்.
வேகம் வந்தது தெரிந்தால்
ஃபீனிக்ஸ் கிளையின் ஏடும் என் மேஜைக்கு வரும்.

லுங்கேலோ யோசித்தான்.
"எனக்கு அதில் ஐந்து நிமிடம்" என்றான்.
நியாயமான கமிஷன்.

மறுநாள்
எட்டு இரண்டுக்கே அது தயார்.
திரையை மட்டும் அணைத்து வைத்தேன்.
முதலாளி கதவோரம் தலை நீட்டினார்.
"இன்னும் வரலையாம்மா?"

"சுத்துது முதலாளி"
என்று ரஸ்க்கைத் தேநீரில் நனைத்தேன்.