கை அண்ணன்

போயா தினம். பொகவந்தலாவையில் மழை.
பெனடிக்ட் சலூனின் ஷட்டர் பாதி இறங்கி
உள்ளே ஐந்து பேர்.
முடி வெட்டும் நாற்காலி மூன்று. அதற்குச் சண்டை.
தோற்றவர்களுக்கு வாங்கு.

‘அண்டவெளிக் காவலர்’, ஏழாம் பாகம்.
நாற்பதாவது தடவையாக இருக்கும்.
நிஸ்தாரின் மாமா எப்போதோ கெசட்டில் பிடித்தது,
பதினேழாம் நிமிடத்தில் கரண்ட் போய் நின்றது.
மிச்ச நாடாவில் அவருடைய கல்யாணம்.
கேப்டன் நெம்புகோலில் கை வைப்பார்,
அடுத்த நொடி
புரியாணிச் சட்டி திறக்கும்.

தொடங்குகிறது. இரண்டு சூரியன் உள்ள கிரகம்.
இடப்பக்கச் சூரியனை ஒரு விட்டில் சுற்றுகிறது.
“அதுதான் புதன்” என்பாள் சசிரேகா
ஒவ்வொரு தடவையும்.
ஒவ்வொரு தடவையும் சிரிப்போம்.

கேப்டன் வாயை மூடிய பிறகு
அவருடைய தமிழ் வந்து சேர்கிறது,
அட்டன் பஸ் மாதிரி
பிந்தி, ஆனால் நிறைந்து:
“அபாயம்! அணுக்கதிர் அலைமோதுகிறது!”
அணுக்கதிர் என்பது தலைமுடி காயவைக்கும் மெஷின்.
அதே மொடல் பெனடிக்டிடம் உண்டு.
எடுத்து எங்களைச் சுடுவார்.
தவமணி செத்து விழுவாள்
பிளேன்டீ சிந்தாமல்.

பிறகு, எல்லோரும் காத்திருக்கிற இடம்.
விண்கலத்தின் கதவு தானாகத் திறக்கிறது.
எங்கே தானாக?
வலது ஓரத்தில் ஒரு கை,
சட்டை மடித்த, மணிக்கூடு கட்டிய கை.
மணி நாலு பத்து.
“வணக்கம், கை அண்ணே!”

சுவரெல்லாம் கண்ணாடி அல்லவா,
அங்கேயும் கைகள். அங்கே மட்டும்
மணி ஏழு ஐம்பது.
அவருக்கு நாங்கள் ஒரு வாழ்க்கை போட்டு வைத்திருக்கிறோம்.
நாலரைக்கு வேலை முடிகிறது,
மகளுக்குச் சப்பாத்து வாங்க வேண்டும்,
கேப்டன் வசனத்தை நீட்டினால் எரிச்சல் வரும்.

பூதம் வருகிறது. பச்சை ரப்பர், முதுகில் சிப்.
இடுப்பில் இருப்பது படங்கு என்று சத்தியம் செய்வாள் தவமணி.
பன்னிரண்டு வருடம் கட்டிக் கொழுந்து எடுத்தவள்,
அவளுக்குத் தெரியாதா?
நடையைப் பார்த்து இன்று புதிதாகச் சொன்னாள்:
“அட்டை கடிச்சிருக்கு.”

பதினாறாம் நிமிடத்தில் நிஸ்தார் டெக்கை நிறுத்தினான்.
சட்டைப் பையில் பென் டிரைவ்.
“முழுசா கெடச்சிருச்சு. முடிவோட.”

பெனடிக்ட் சீப்பைத் துடைத்தார்,
ஏற்கெனவே துடைத்த சீப்பை.
ஆளுக்கொரு முடிவு வைத்திருந்தோம்.
என்னுடையதில் நெம்புகோல் கழன்று கையோடு வரும்.
சசிரேகாவுடையதில்
கை அண்ணன் முழு உடம்போடு உள்ளே வந்து
எல்லோரையும் வீட்டுக்கு அனுப்புவார்.
வாக்கெடுப்பு. மூன்றுக்கு இரண்டு.
நான் தோற்ற பக்கம்.

பதினேழாம் நிமிடம் கடந்தது.
சட்டி திறக்கவில்லை.
பூதம் முழங்காலில் விழுந்தது
(சிப் இன்னும் கொஞ்சம் திறந்தது),
செந்தமிழில் பேசியது:
“மானிடா, இக்கோளைத் தோண்டியவர் நாங்கள், நட்டவர் நாங்கள்.
வேண்டுவது வசிக்க ஓர் ஓரம்.”
கேப்டன் நெற்றியைச் சுருக்கினார்,
வாயை மூடினார், பிறகு சொன்னார்:
“தலைமையகத்துக்குத் தெரிவிக்கிறேன்.”
விண்கலம் நூலில் ஏறிப் போய்விட்டது.
அவ்வளவுதான்.

தகரத்தில் மழை.
யாரும் யாரையும் பார்க்காமல் இருக்க முடியாத இடம் அது,
எங்கு திரும்பினாலும் கண்ணாடி.

தவமணிதான் வாய் திறந்தாள்.
“ஏழு பேர்ச் கேட்டிருக்கு, பாவம்.
இந்நேரம் குடுத்தாச்சுன்னு போர்டு நட்டிருப்பாங்க.”

சிரித்த சிரிப்பில்
நிஸ்தாருக்குப் பிளேன்டீ மூக்கில் ஏறிற்று.
சிரித்து முடிய நேரமாயிற்று.
முடிந்த பிறகும் பெனடிக்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பெயர்கள் ஓடும்போது நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம்.
விக் வைத்தவருக்குப் பெயர் இருந்தது,
புகை போட்டவருக்கும் இருந்தது.
கதவு திறந்தவருக்கு இல்லை.

அடுத்த போயாவுக்குக் கெசட்டே போதும் என்று முடிவாகிக்கொண்டிருக்கையில்
ஷட்டர் மெல்ல உயர்ந்தது.
கீழே ஒரு கை,
சட்டை மடித்து, மணிக்கூடு கட்டி.

“வணக்கம், கை அண்ணே!”

பாவம்,
ஷேவ் எடுக்க வந்த ஆள்,
குடையை விட்டுவிட்டு ஓடிவிட்டார்.