கழித்தல் குறி

குதாயிசி. பிப்ரவரி. பத்ரியின் ரொட்டிக்கடைப் பின்கட்டு.
எங்கும் மாவு.
ஸ்க்ரூடிரைவர் விழுந்தால்
அதன் உருவம் தரையில் அப்படியே பதிகிறது.

"மேல்மாடித் தையற்காரி த்சியாலா
என் மின்சாரத்தைத் திருடுகிறாள்.
எவ்வளவு என்று எண் வேண்டும், எண்!"
மூன்று குளிர்காலமாக
அவளைக் கண்டால் இவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறானாம்.

மீட்டர் கைக்கு அடக்கம்.
தனியாக அதற்கு எதுவும் தெரியாது.
மூன்று தடித்த கம்பிகளுக்கு மூன்று வளையம் மாட்டி
வளையத்தின் வால்களை அதன் வாயில் கொடுத்தால்தான்
பேச ஆரம்பிக்கும்.

அந்த வாலைத் திறந்தபடி விடக்கூடாது.
உள்ளே ஓட்டம் இருக்க, வெளியேற வழி இல்லாவிட்டால்
வளையம் வோல்ட்டைச் சேர்த்துவைத்துக்கொண்டு காத்திருக்கும்.
கொபுலேத்தியில் ஒருவன் மறந்தான்.
இப்போது இடக்கையில் மூன்று விரல்.
முதலில் குறுக்குப்பட்டை, பிறகு கழற்று:
பக்கத்தில் யார் இருந்தாலும்
வாய்விட்டுச் சொல்லிக்கொண்டுதான் செய்வேன்.

சுவிட்சைப் போட்டதும்
மூன்றாவது வரியில் கழித்தல் நான்கு புள்ளி இரண்டு.
பத்ரி துள்ளினான்.
"பார் நெஸ்தான், நான் ஊருக்கே மின்சாரம் கொடுக்கிறேன்!"
அடுப்பு கனன்றது, ரொட்டி வெந்தது,
கடன் வாங்கியவன் கொடுத்தவனாகி நின்றான்.
வளையத்தைத் திருப்பி மாட்டியிருக்கிறேன்.
அம்புக்குறியை மாவு மூடிவிட்டது என்றேன்.
பார்க்காதது நான்.

பட்டை. கழற்று. திருப்பு.

அடுத்தது மோடம்.
முறுக்கிய இரண்டு கம்பி, ஏ, பி.
ஒரு கம்பெனியின் ஏ இன்னொருவனுக்கு பி.
மாற்றினேன்; திக்கித் திக்கிப் பேசியது.
கடைசி முனையில் நூற்றிருபது ஓம்,
அரிசியைவிடச் சற்றே பெரியது.
அது இல்லாவிட்டால் சொன்ன சொல்
முனையில் மோதித் திரும்பி
அடுத்த சொல்லின் மேல் விழும்.

இரவு பதினொன்று. அடுப்புகள் அணைந்தன.
எண் ஒன்று புள்ளி ஒன்பதுக்குக் கீழே இறங்கவில்லை.
"சொன்னேனா?" என்றான்.
அவன் மெயினை இறக்கினேன்.
கடை முழுக்க இருட்டு.
தனி ஃப்யூஸில் மீட்டர் மட்டும் விழித்திருந்தது:
சுழியம், சுழியம், சுழியம்.

தலைக்கு மேலே
தையல் இயந்திரம் ஓடியது.
நிற்கவே இல்லை.
நீளமான தையல், திரைச்சீலையாக இருக்கும்.

மெயினை ஏற்றினேன். மறுபடி ஒன்று புள்ளி ஒன்பது.
டார்ச்சோடு தேடி, மூட்டைகளுக்குப் பின்னால்,
மாவு புளிக்கவைக்கும் அலமாரி.
கதவின் ரப்பர் கிழிந்து
மூன்று குளிர்காலமாகப்
பின்சுவரைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது.

பத்ரி கதவைச் சாத்தினான். திறந்துகொண்டது.
மூட்டையை முட்டுக்கொடுத்தான்.
தொண்டையைச் செருமி, மெதுவாக:
"அந்த மூன்றாவது வளையம்...
முன்பு இருந்த மாதிரியே இருந்தால் என்ன?"

முத்திரைக் கம்பியைக் கோத்து
ஈயத்தை நசுக்கினேன்.

எண்பத்தைந்து லாரி.
இரண்டு ரொட்டி கேட்காமலே கட்டித் தந்தான்.
மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு
மாடிப்படியைப் பார்த்தபடி நின்றவன்
பிறகு என்ன செய்தானோ.
அதற்கெல்லாம் நான் கம்பி இழுக்கவில்லை.